பிள்ளைக்கு பைபிள் பேரா? ஜேபிஎன் (மலேசியாவுல பிறப்பு பதியுற தேசியப் பதிவு இலாகா) போறதுக்கு முன்னாடி அந்தப் பேரை இப்படி நோண்டிப் பாருங்க

பேரு வைக்கிற நேரம் வந்தா பாட்டி ஒரு பக்கம் தாத்தா பேருதான் வரணும்னு நிப்பாங்க, பெத்தவங்க இன்னொரு பக்கம் ஸ்கூல்ல கூப்பிட ஈசியா இருக்கணும்பாங்க. பைபிள் பேரா இருந்தா ரெண்டு பேரையும் சமாளிக்கலாம், ஏன்னா ஒரே பேரு ஊருக்கு ஊரு வேற வேஷத்துல இருக்கும். யாக்கோபுவ வச்சு சொல்றேன், மத்த பேருக்கும் இதே வழிதான்.

மொதல்ல தமிழ், இங்கிலீஷ், மலாய் பைபிள் மூணையும் பக்கத்துல பக்கத்துல திறந்து வச்சுக்குங்க. தமிழ்ல ஈசாக்கு மகனும் யாக்கோபு, செபெதேயு மகனான அப்போஸ்தலரும் யாக்கோபு. இங்கிலீஷ்ல முதல் ஆளு ஜேக்கப், அப்போஸ்தலர் ஜேம்ஸ். மலாய்ல யாக்குப், யாக்கோபுஸ். லத்தீன்ல யாக்கோபுஸ்னு இருந்தது பேச்சுல யாக்கோமுஸ்னு திரிஞ்சு, பிரெஞ்சு வழியா ஜேம்ஸ்னு இங்கிலாந்துல போய் எறங்கிருச்சு, அவ்ளோதான் கதை.

அப்புறம் அர்த்தம். பேபி நேம் வெப்சைட்ல 'ஏமாத்துறவன்'னு ஒத்த வார்த்தை போட்டிருப்பான், அதப் பாத்துட்டு பயந்து பேரை விட்டுறாதீங்க. ஆதியாகமம் 25:26ல அண்ணன் ஏசாவோட குதிகாலைப் பிடிச்சுக்கிட்டே பொறந்ததால அந்தப் பேருன்னு இருக்கு, எபிரேயத்துல குதிகாலுக்கு ஆக்கேவ். 27:36ல ரெண்டு தடவ ஏமாந்துபோன ஏசா ஆத்திரத்துல அந்தப் பேரையே குத்திக்காட்டுறான், ஏமாத்துறவன்ங்கிறது அங்கிருந்து வந்தது. கோவத்துல அண்ணன் சொன்னத அகராதி அர்த்தமா எடுத்துக்கணுமா என்ன? 'கடவுள் காப்பாராக'ன்ற நீளமான பேரோட சுருக்கம்தான் இதுன்னு சொல்ற ஆராய்ச்சியாளருங்களும் இருக்காங்க, எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. 32:28 வரைக்கும் படிங்க, அங்க அவருக்கு இஸ்ரவேல்னு புதுப் பேரே கிடைக்குது.

இனிமே வீட்டுக்குள்ள தேடுங்க. கத்தோலிக்கக் குடும்பம்னா பழைய ஞானஸ்நான சர்ட்டிபிகேட்ல சந்தியாகுன்னு ஒரு தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ இருக்க வாய்ப்பு இருக்கு. அது போர்த்துகீஸ்காரங்க கொண்டுவந்த சந்தியாகோ, அதாவது புனித யாகோ, அந்த அப்போஸ்தலர் யாக்கோபு, சந்தியாகப்பர்னு சொல்றோமே அவரேதான். அப்போ பேரனுக்கு ஜேம்ஸ்னு வச்சாலும் தாத்தா பேரு வந்தாச்சு, பாட்டிகிட்ட தைரியமா சொல்லுங்க. அவரோட நாள் ஜூலை 25, புக்கிட் மெர்தாஜம் அன்னம்மா திருநாளுக்கு முந்தின நாளு, பினாங்குக்காரங்களுக்கு மறக்கவே மறக்காது. பிரெஞ்சுல ஜாக், இத்தாலியில ஜாக்கோமோ, ஐரிஷ்ல ஷேமஸ், ஸ்காட்லாந்துல ஹேமிஷ், எல்லாம் இதே பேருதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அந்தப் பேருக்குப் பொறந்த வார்த்தைங்க. பிரான்ஸ்ல விவசாயிய பொதுவா ஜாக்னுதான் கூப்பிடுவாங்க, அவங்க போட்ட குட்டைச் சட்டைல இருந்துதான் ஜாக்கெட்ன்ற வார்த்தை வந்துச்சுன்னு நிறைய அகராதி சொல்லுது, நம்ம ஆளுங்க அத சேலைக்குள்ள போடுற ரவிக்கைக்கு வச்சுட்டாங்க. 1804ல பூ டிசைன் நெய்யிற தறி செஞ்ச ஜக்கார்ட், அந்தக் குடும்பப் பேரும் ஜாக்ல இருந்து வந்ததுதான். லெபோ பசார் தெருவுல துணிக்கடைக்குப் போய் ஜக்கார்ட் துணியில ஒரு ஜாக்கெட் தைக்கணும்னு கேட்டீங்கன்னா யாக்கோபுவ ரெண்டு தடவ கூப்பிட்டாச்சு! பிரெஞ்சுப் புரட்சியோட ஜாக்கோபின் கட்சி, 1688ல நாட்டை விட்டு ஓடின ரெண்டாம் ஜேம்ஸ் ராஜாவுக்காகச் சண்டை போட்ட ஜாக்கோபைட்டுங்க, இதெல்லாமும் இதே வம்சம்தான்.

ஆனா சத்தம் ஒத்துப்போறதெல்லாம் சொந்தம்னு நினைச்சுறாதீங்க. டயர் மாத்துற ஜேக், அது பெரும்பாலும் ஜான் பேரு பக்கம் போகும். நங்கா, அதாவது பலாப்பழத்துக்கு இங்கிலீஷ்ல சொல்ற ஜாக்ஃப்ரூட், அது மலையாளத்துச் சக்கை போர்த்துகீஸ் வாயில ஜாக்கா ஆனது, பைபிளுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அதனால ஒரு வார்த்தையச் சேர்க்கிறதுக்கு முன்னாடி அது எந்த நாட்டு வழியா வந்துச்சுன்னு நல்ல அகராதில ஒரு தடவ பாத்துருங்க.

கடைசியா ஜேபிஎன். தீபகற்ப மலேசியாவுல பொறந்த 60 நாளுக்குள்ள பதியணும், அதனால இந்த ஆராய்ச்சியெல்லாம் வயித்துல இருக்கும்போதே முடிச்சுருங்க. சந்தியாகுன்னே வைக்கப்போறீங்கன்னா ரூமி எழுத்துல (இங்கிலீஷ் எழுத்துல) அத நாலஞ்சு விதமா எழுதலாம், 'தி'ல ஹெச் வருமா வராதான்னு கவுண்டர்ல நின்னு யோசிக்காம, தாத்தாவோட ஐசி (அடையாள அட்டை) இருந்தா அதுல உள்ள எழுத்தையே ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க, ஃபார்ம்ல சைன் போடுறதுக்கு முன்னாடி எழுத்தெழுத்தா ஒத்துப் பாத்துருங்க.