புது பிரேம், பழைய கிராங்க்: பிபி பொருத்தம் பார்ப்பது எப்படி?

போன மழைக்காலம் முடிந்து சைக்கிளைக் கழுவியபோது, சீட் டியூப் வெல்டிங் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தது. பெயின்ட் கீறலாக இருக்கும் என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். கீறல் இல்லை, விரிசல். அலுமினிய பிரேமில் விரிசல் விழுந்துவிட்டால் மறுபடி அதில் ஏறக் கூடாது. புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒருவர் பழைய எம்டிபி (மவுன்டன் பைக்) பிரேம் ஒன்றை விற்பதாகச் சொன்னார், போய் வாங்கி வந்தேன். வீல், ஃபோர்க், பிரேக், கியர் எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இடம் மாறிவிட்டன. பிபிக்கும் (பாட்டம் பிராக்கெட், அதாவது பிரேமின் அடியில் கிராங்க் சுற்றும் பேரிங்) கிராங்குக்கும் (பெடல் மாட்டும் கை) மட்டும் மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரம் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிபிக்கு இரண்டு பக்கமும் பொருத்தம் பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் பிரேமில் அது உட்காரும் குழாயோடு பொருந்த வேண்டும். உள்பக்கம் கிராங்கின் ஆக்சிலோடு பொருந்த வேண்டும். "என்ன பிபி வாங்கட்டும்?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் சொல்கிறார்கள்.

படி 1: பழையதைக் கழற்றுதல்

சதுர முனை ஆக்சில் என்றால் கிராங்க் போல்ட்டைக் கழற்றியதும் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். வாஷர் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்காமல் புல்லரை (கிராங்கை இழுத்துக் கழற்றும் கருவி) போட்டால், புல்லர் ஆக்சிலைத் தள்ளுவதற்குப் பதில் வாஷரைத் தள்ளும். கிராங்க் அசையாது, நாம் இன்னும் முறுக்குவோம், கடைசியில் கிராங்கின் அலுமினிய மரை உரிந்து வந்துவிடும். புல்லரின் வெளி மரையைக் கையாலேயே கடைசிவரை ஏற்றிவிட்டு, அப்புறம்தான் ஸ்பேனர் போட வேண்டும்.

அடுத்தது கப், அதாவது பிபியைக் குழாயின் இரண்டு பக்கமும் பிடித்து நிறுத்தும் மரை வளையம். செயின் இருக்கும் வலது பக்கக் கப்புக்கு இடது மரை. கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றினால்தான் கழலும். இடது பக்கம் வழக்கமான மரை. பெடல் மிதிக்க மிதிக்கக் கப் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. இரண்டு பக்கமும் வலது மரை போட்ட இத்தாலிய வகையில் வலது கப் அடிக்கடி தளர்வது வெகுநாள் குறை.

நம் ஊர்க் கடல்காற்றில் கப் இறுகிப் போயிருப்பது சகஜம். துருநீக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி அப்படியே வையுங்கள். உளியை வைத்துச் சுத்தியலால் தட்டிக் கழற்றுவதை எந்தக் கடையில் செய்தாலும் சம்மதிக்காதீர்கள். 20 பல் உள்ள பிபி டூல் ஒன்று சொந்தமாக வைத்துக்கொள்வது நல்லது. அதைக் கிராங்க் போல்ட்டாலேயே ஆக்சிலோடு சேர்த்து லேசாகப் பிடிக்க வைத்துவிட்டால், பாதியில் வழுக்காது, பல்லும் தேயாது.

படி 2: குழாயை அளத்தல் (நான் மாட்டிக்கொண்ட இடம்)

வாங்கிய பிரேமில் அதன் பழைய பிபி அப்படியே இருந்தது. நான் அதைக் கழற்றாமல், குழாயின் மேல் ஸ்கேல் வைத்து அளந்தேன். கிட்டத்தட்ட 73 மி.மீ. வந்தது. என் பழைய பிரேமும் 73தான். இரண்டிலும் அதே பிஎஸ்ஏ மரை (அது என்ன என்று கீழே சொல்கிறேன்). அப்படியானால் பழைய கார்ட்ரிட்ஜே (பேரிங்கும் ஆக்சிலும் ஒரே உருளையாகச் சேர்ந்து வரும் பிபி) போதும் என்று முடிவு செய்துவிட்டேன்.

கிரீஸ் தடவி வலது பக்கத்தை இறுக்கினேன், அழகாக உட்கார்ந்தது. இடது கப்பை ஏற்றினால் பாதி வழியில் நின்றுவிட்டது. கப்பின் விளிம்புக்கும் பிரேமுக்கும் நடுவே 5 மி.மீ. இடைவெளி. மரைக்குள் துரு இருக்கிறது என்று நினைத்தேன். கழற்றி, டூத் பிரஷ் போட்டுத் தேய்த்து, மறுபடி ஏற்றினேன். அதே இடத்தில் நின்றது. ஒரு வாரம் அந்த மரையையே பழி சொல்லிக்கொண்டு திரிந்தேன். மரையைச் சீர்செய்ய லேத் பட்டறைக்குக் கொண்டுபோவதற்கு முன்னால், மஞ்சக்குப்பத்தில் நான் வழக்கமாகப் போகும் சைக்கிள் கடை அண்ணனிடம் காட்டினேன். அவர் பிரேமைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "கப்பைக் கழட்டிட்டு அளந்தியா தம்பி?" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். இரண்டு பக்கக் கப்பின் விளிம்புகளையும் சேர்த்து அளந்திருக்கிறேன். வெர்னியர் வைத்து வெறும் குழாயை அளந்தபோது 68 மி.மீ. வந்தது. 73க்கான கார்ட்ரிட்ஜ் 68 குழாயில் இடது பக்கம் 5 மி.மீ. அதிகமாக நீளும். கப் அதில் போய் இடித்து நிற்கும். இரண்டு மூன்று மரைதான் கவ்வியிருக்கும், அதோடு ஓட்டினால் பிரேம் மரையே போய்விடும்.

ஆகவே எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் மண்ணைத் துடைத்துவிட்டு, வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். ஸ்கேல் வேண்டாம், டேப் வேண்டவே வேண்டாம். மரை உள்ள எம்டிபி பிரேம்களில் சாதாரணமாக 68 அல்லது 73 வரும், டவுன்ஹில் பிரேமில் 83, ஃபேட் பைக்கில் 100. மரை எல்லாவற்றிலும் பெரும்பாலும் பிஎஸ்ஏதான்: 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்ற பழைய இங்கிலாந்துக் கம்பெனியின் பெயர்ச் சுருக்கம் அது. நம் வீடுகளில் ஓடிய பிஎஸ்ஏ சைக்கிளுக்குப் பெயர் வந்ததும் அங்கிருந்துதான்.

படி 3: கிராங்க் எந்த வகை?

கிராங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். சதுர ஓட்டை இருந்தால் சதுர முனை. அதற்கு ஆக்சிலின் நீளமும் முக்கியம். 110, 113, 118, 122.5 என்று வரும். இந்த நீளத்தைப் பெரும்பாலும் கிராங்க்தான் தீர்மானிக்கிறது. நான் 73-113ஐ எடுத்துவிட்டு 68-113 வாங்கினேன். குழாய் மாறியது, ஆக்சில் மாறவில்லை. பழைய கார்ட்ரிட்ஜின் உடம்பிலேயே இந்த இரண்டு எண்ணும் இருக்கும், துடைத்துவிட்டுப் படியுங்கள். நீளம் குறைவாக வாங்கினால் செயின் வீல் பிரேமில் உரசும். அதிகமானால் செயின் கோணலாக ஓடும்.

ஆக்சில் கிராங்கோடு சேர்ந்தே வந்தால் அதன் விட்டத்தை அளக்க வேண்டும். ஷிமானோ ஹாலோடெக் 2 என்றால் 24 மி.மீ. ஸ்ராம் ஜிஎக்ஸ்பி வலது பக்கம் 24, இடது பக்கம் 22. வலது பக்கத்தை மட்டும் அளந்துவிட்டு ஷிமானோ கப் வாங்கிவிடாதீர்கள். ஸ்ராம் டப் 28.99. இவை ஒன்றுக்கொன்று மாறாது.

படி 4: ஸ்பேசர்

ஹாலோடெக் எம்டிபி கிராங்க் போடுபவர்களுக்கு மட்டும் இது. பெட்டியில் 2.5 மி.மீ. ஸ்பேசர் (இடைவெளியை நிரப்பும் வளையம்) மூன்று இருக்கும். 73 குழாய்க்கு வலது பக்கம் ஒன்று போதும். 68 குழாய்க்கு வலது பக்கம் இரண்டு, இடது பக்கம் ஒன்று. கணக்குப் போட்டால் புரியும்: 73 + 2.5 = 75.5, 68 + 7.5 = 75.5. கிராங்குக்குத் தேவை அந்த 75.5தான். பிபியிலேயே பிடிக்கும் முன் டெரெய்லர் (முன்பக்கச் செயினை மாற்றும் பாகம்) வகை இருந்தால், அதன் தகடே வலது பக்கத்தில் ஒரு ஸ்பேசருக்குச் சமம்.

மரையில் கிரீஸ் தாராளமாக வையுங்கள். நான் கடலூர் துறைமுகப் பக்கம் படகு எஞ்சின் சாமான் விற்கும் கடையில் மரைன் கிரீஸ் வாங்கி வைத்திருக்கிறேன், உப்புத் தண்ணீருக்கு அது நன்றாகத் தாங்குகிறது. கப்பைக் கையால் நான்கைந்து சுற்று ஏற்றுங்கள். கையால் ஏறவில்லை என்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள். பிறகு டார்க் ரெஞ்ச்சில் 35 முதல் 50 நியூட்டன் மீட்டர்.

கிராங்கின் இடது கையை மாட்டும்போது நடுவில் உள்ள பிளாஸ்டிக் மூடியை ஆட்டம் போகிற அளவுக்கு மட்டும் விரலால் திருகுங்கள். அதற்கு மேல் இறுக்கினால் பேரிங் கட்டிக்கொண்டு சுற்றும். பக்கவாட்டு போல்ட் இரண்டையும் மாற்றி மாற்றி 12–14 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி, நடுவில் உள்ள சின்னத் தகட்டின் முள்ளை உள்ளே தள்ளிவிடுங்கள்.

பின்னால் சேர்த்தது: வில்லியனூரிலிருந்து ஒருவர், தன் பிரேமில் மரையே இல்லை, வழவழவென்று இருக்கிறது என்று கேட்டிருந்தார். அது பிரஸ் ஃபிட். உள்விட்டத்தை அளந்தால் வகை தெரிந்துவிடும்: 41 மி.மீ. என்றால் பிபி92, 42 என்றால் பிபி30, 46 என்றால் பிஎஃப்30. அதற்குப் பிரஸ் டூல் வேண்டும், கட்டையை வைத்துச் சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள்.

இன்னொருவர், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் வீட்டுக்குள் புகுந்த தண்ணீரில் சைக்கிள் இரண்டு நாள் மூழ்கிக் கிடந்ததாகவும், இப்போது மிதித்தால் கரகரவென்று சத்தம் வருவதாகவும் எழுதியிருந்தார். கார்ட்ரிட்ஜாக இருந்தால் பிரித்துச் சரிசெய்யப் பார்க்காமல் புதிதே போட்டுவிடுங்கள். பழையதைக் கழற்றியதும் சீட் போஸ்ட்டையும் உருவிவிட்டு, பிரேமைத் தலைகீழாக ஒரு நாள் வெயிலில் வையுங்கள். சீட் டியூப் வழியாக இறங்கிய தண்ணீர் கடைசியில் பிபி குழாயில்தான் வந்து தேங்கும்.

என் சைக்கிள் இப்போது கேப்பர் மலைச் செம்மண்ணில் சத்தமில்லாமல் ஓடுகிறது. முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் கிராங்க் போல்ட்டை மறுபடி ஒருமுறை இறுக்கினேன். கால் சுற்று வாங்கியது.