ஏர் ரைஃபிள் பெல்லட்டைத் தரம் பிரிக்கலாம், மின்விசிறியை நிறுத்திவிட்டு வாருங்கள்

கும்பகோணத்தில் எங்கள் வீடு பழைய கட்டு வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லைத் தாழ்வாரம் எல்லாம் ஒரே நேர்கோட்டில் போகும். ரேழி நிலைப்படியிலிருந்து டேப் பிடித்து அளந்தால் தாழ்வாரச் சுவருக்கு 10 மீட்டருக்கு மேல் தாராளமாக இருக்கிறது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்ற செய்தியைப் படித்தபோதுதான், இத்தனை நீளமான வீட்டை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறோமே என்று தோன்றியது.

வெளிநாடுகளில் துப்பாக்கி பழகுகிறவர்கள் பலர் தோட்டாவைக் கடையில் வாங்குவதில்லை. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டில் மருந்தும் குண்டும் தாங்களே அடைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு தோட்டாவும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதுதான் அவர்களுடைய ஆசை. நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், அதனால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். ஆனால் அந்த ஆசையை ஏர் ரைஃபிள் பெல்லட்டில், அதாவது அது காற்றழுத்தத்தில் சுடும் சின்ன ஈயக் குண்டில், ஒன்றுபோல இருப்பவற்றைத் தரம் பிரித்து எடுத்து முழுமையாகத் தீர்த்துக்கொள்ளலாம். 4.5 மி.மீ.-க்கு மேல் போகாத குழல் விட்டமும் 20 ஜூலுக்கு மேல் போகாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைஃபிளுக்கு 2016 ஆயுத விதிகள் உரிமம் கேட்பதில்லை. போட்டி ரைஃபிளில் அரை கிராம் சொச்சம் எடையுள்ள பெல்லட் விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகிறது என்றால், கணக்குப் போட்டால் 8 ஜூலைக்கூடத் தொடாது.

பாதுகாப்பைப் பற்றி ஒரே ஒரு பத்தி, ஆனால் தவறாமல் படியுங்கள். சுடும்போது கொல்லைக் கதவைப் பூட்டிச் சாவியை உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவ வருகிறவரோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ குறுக்கே வர வழியே இருக்கக் கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுட வேண்டாம். குறிப்பலகைக்குப் பின்னால் வெறும் செங்கல் சுவர் இருந்தால் ஈயம் தெறித்துத் திரும்பும். மரப்பெட்டிக்குள் 3 மி.மீ. இரும்புத் தகட்டை 45 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்து வைத்து, முன்னால் பழைய துணியை நெருக்கமாகத் திணியுங்கள். பறவைகள் பக்கம் குழல் திரும்பவே கூடாது. வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும் சரணாலயங்களாக இருக்கிற மண் இது. வயலில் நிற்கும் கொக்கையும் மடையானையும் குறிபார்ப்பதைப் பொழுதுபோக்கு என்று சொல்கிறவரோடு எனக்குப் பேச்சே கிடையாது.

வேண்டிய சாமான்

பெல்லட்: தட்டை முகம் கொண்டதாகவே வாங்குங்கள். காகிதத்தில் வட்டமாக, சுத்தமாகத் துளை விழும். கூர்முகம் பார்க்க மிடுக்காக இருக்கும், 10 மீட்டருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ரைஃபிளுக்கு 0.53 கிராம் எடைதான் வழக்கம். டப்பாவில் 8.2 கிரெய்ன் என்று போட்டிருக்கும், ஒரு கிரெய்ன் 64.8 மில்லிகிராம்.

தராசு: 0.001 கிராம் காட்டுவது. 0.01 காட்டும் தராசை விலை குறைவு என்று வாங்கிவிடாதீர்கள். நல்ல பெல்லட்டுகளுக்குள் இருக்கும் வித்தியாசமே அந்த 0.01-க்குள் அடங்கிவிடும், எல்லாம் ஒரே எடை என்றுதான் அது சொல்லும்.

சாமணம்: நகைப் பட்டறைச் சாமணமே போதும். ஆனால் இரும்பு நுனி ஈயத்தில் பள்ளம் விழவைக்கும். சைக்கிள் வால்வ் டியூபில் இரண்டு துண்டு வெட்டி நுனியில் மாட்டிவிடுங்கள்.

இவை போக ஒரு பூதக்கண்ணாடி, பழைய படச்சட்டத்துக் கண்ணாடி ஒன்று, காலி முட்டை அட்டை. வெர்னியர் கொண்டு பெல்லட்டின் தலையை அளக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஈயம் மெத்தென்றது. வெர்னியர் வாயை நெருக்கினாலே அமுங்கிவிடும், பிறகு நீங்கள் அளப்பது உங்கள் விரலின் அழுத்தத்தைத்தான்.

முதலில் கண்

பெல்லட்டுக்கு மூன்று பாகம்: தலை, இடுப்பு, பாவாடை. தலை பாரலுக்குள், அதாவது துப்பாக்கிக் குழலுக்குள், இருக்கும் வரிகளில் உட்கார்ந்து நேராகப் போகிறது. பாவாடை காற்றழுத்தத்தில் விரிந்து, காற்று ஒழுகாமல் அடைக்கிறது. பாவாடையின் விளிம்பு காகிதம்போல மெல்லியது. டப்பாவை உயரத்திலிருந்து கவிழ்த்தாலே நெளிந்துவிடும். நாலு மடிப்பு வேட்டியை மேசைமேல் விரித்து, டப்பாவைத் துணியோடு ஒட்டிச் சாய்த்து, மெதுவாகச் சரிய விடுங்கள்.

ஒவ்வொன்றையும் எடுத்துப் பாவாடைப் பக்கம் வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பு முழு வட்டமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தட்டையாக இருந்தாலோ, உள்ளே ஈயச் சீவல் ஒட்டியிருந்தாலோ தனியாக வையுங்கள். அவற்றை எறிய வேண்டாம், சுத்தம் செய்த பாரலைப் பழக்குவதற்குச் சுட ஆகும்.

பிறகு கண்ணாடி

இதை நான் மிகவும் விரும்பிச் செய்வேன். படச்சட்டக் கண்ணாடியின் ஒரு பக்கத்துக்குக் கீழே தீப்பெட்டியைப் படுக்க வைத்துச் சரிவாக்குங்கள். மேல் விளிம்பில் பெல்லட்டைப் படுக்க வைத்து விடுங்கள். தலை சின்னது, பாவாடை பெரியது, அதனால் நேராக உருளாது. தலைப் பக்கமாக வளைந்து வில்போல ஒரு கோடு போட்டுக்கொண்டு இறங்கும். நல்ல பெல்லட் எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கும். நெளிந்தது தத்தித் தத்தி, வேறு பக்கம் போய்விடும். கண்ணுக்குத் தப்பிய நெளிவையும் இந்தக் கண்ணாடி பிடித்துவிடும். ஓடுபாதை ஒன்றாக இருக்கிறவற்றை மட்டும் தராசுக்கு அனுப்புங்கள்.

தராசு: என்னைப் படுத்திய இடம்

முதல் டப்பாவை எடை போட்டது ஒரு சித்திரை மாத மதியம். மின்விசிறி இரண்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாக வைத்து, எண்ணைப் பார்த்து, முட்டை அட்டைக் குழிகளில் பிரித்தேன். 0.524, 0.531, 0.536 என்று ஏழு குழிகள் நிரம்பின. குறைந்த எடையுள்ளவை என்று ஒரு குவியலை ஒதுக்கி, இரண்டு மாதம் அவற்றைத் தொடவே இல்லை. நல்லவை என்று வைத்தவற்றைச் சுட்டால் குறி முன்பைவிட ஒரு நூல்கூடத் தேறவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் எடை போட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. தராசு பேட்டரியில் ஓடுவது, அதனால் அணையவில்லை. விசிறி சுற்றி ஓயும் வரை தட்டிலிருந்த பெல்லட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். 0.527, 0.534, 0.529 என்று தாவிக்கொண்டிருந்த எண் 0.532-ல் வந்து அப்படியே நின்றது. கைப்பேசி வெளிச்சத்தில் ஒதுக்கி வைத்த குவியலிலிருந்து பத்தை எடுத்துப் போட்டேன். ஒன்றுகூடக் குறைவாக இல்லை.

மறுநாள் எங்கள் தெருப் பத்தரிடம் சொன்னேன். அவர் தராசு கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும், எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன், ஏன் என்று கேட்டதில்லை. “காத்தை நிப்பாட்டிட்டுல்ல தம்பி தராசுல கை வைக்கணும்” என்றார். தங்கத்தை எடை போடுகிறவருக்கு அது சொல்லித் தர வேண்டாத விஷயம்.

ஆகவே இந்தப் படியை மட்டும் நிதானமாகச் செய்யுங்கள். விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள். தராசைப் போட்டுக் கால் மணி நேரம் விட்டுவிட்டு, கூடவே வந்த எடைக்கல்லால் சரிபாருங்கள். மூடி போட்டே எண்ணைப் படியுங்கள். மூடி இல்லையென்றால் கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்தாலும் போதும். தட்டின்மேல் குனிந்து மூச்சு விடக் கூடாது. பத்து பெல்லட்டுக்கு ஒரு முறை தட்டைக் காலியாக்கிப் பூஜ்யம் வருகிறதா என்று பாருங்கள், வராவிட்டால் அந்தப் பத்தையும் மறுபடி போடுங்கள். வேர்த்துக் கொட்டும், அதனால் நான் விடியற்காலையில்தான் செய்கிறேன், ஒரு தடவைக்கு நூறுக்கு மேல் இல்லை. 0.005 கிராம் இடைவெளிக்கு ஒரு குழி வைத்தால் போதும், அதைவிட நுணுக்கமாகப் பிரிப்பது வீண் வேலை.

ஏன் வீண் என்கிறேன்? 170 மீட்டர் வேகத்தில் 10 மீட்டரைக் கடக்க விநாடியில் 6 சதவீதம் போலத்தான் பிடிக்கும். அதற்குள் பெல்லட் சுமார் 17 மி.மீ. கீழே இறங்கும். எடை 0.005 கிராம், அதாவது நூற்றில் ஒரு பங்கு கூடினால், வேகம் அதில் பாதி குறையும். இறக்கம் நூற்றில் ஒன்று கூடும். 17 மி.மீ.-ல் நூற்றில் ஒன்று 0.17 மி.மீ. போட்டியில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 2.5 மி.மீ. இருக்கிறது. தசமப் புள்ளி எண்ணுகிறவர்களுக்குக்கூட 0.1 புள்ளி என்பது 0.25 மி.மீ. ஆனால் பாவாடை நெளிந்த ஒரே பெல்லட் என் ரைஃபிளில் இரண்டு வளையம் தள்ளிப் போய் விழுகிறது. நேரம் குறைவாக இருந்தால் தராசை விட்டுவிடுங்கள், பூதக்கண்ணாடியை விடாதீர்கள்.

பாரலுக்கு எது பிடிக்கிறது

தலை அளவு டப்பாவில் 4.49, 4.50 என்று போட்டிருக்கும். உங்கள் பாரலுக்கு எது ஒத்துப்போகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சின்ன டப்பாவாக இரண்டு மூன்று அளவு வாங்குங்கள். பாரலுக்குள் உலர்ந்த ஃபெல்ட் துண்டைத் தள்ளிச் சுத்தம் செய்து, ஒதுக்கிய பெல்லட் இருபதைச் சுட்டுவிட்டு, பிறகு ஒவ்வொரு அளவிலும் பத்துப் பத்தாகச் சுடுங்கள். மணல் பையின்மேல் உள்ளங்கையை வைத்து, அதன்மேல் ரைஃபிளைக் கிடத்துங்கள். ஸ்பிரிங் ரைஃபிள் பின்னுக்கும் முன்னுக்கும் துள்ளும். இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி துள்ளும், தளர்வாகப் பிடித்து அதன் போக்கில் விடுங்கள். தூரமான இரண்டு துளைகளின் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு அளந்து, 4.5 மி.மீ. கழித்தால் கிடைப்பது உங்கள் துளைக் கூட்டத்தின் அகலம். எந்த டப்பாவில் அது சிறியதோ அதையே வாங்குங்கள், விலை உயர்ந்த வெளிநாட்டுப் பெல்லட்டாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

பாரல் மடக்கும் ரைஃபிளில் பெல்லட் வைக்கும்போது இடது கை பாரலை விடவே கூடாது. தவறி விசை விழுந்தால் பாரல் அடித்து மேலே வரும், விரல் போய்விடும். பெல்லட்டைக் கட்டை விரலால் ஒரே அழுத்தமாக, விளிம்பு சமமாகும் வரை தள்ளுங்கள். ஸ்பிரிங் ரைஃபிளில் பாரலுக்குள் எண்ணெய் விடாதீர்கள். அழுத்தத்தில் எண்ணெய் பற்றிக்கொண்டு புகை வரும், வேகம் தாறுமாறாகும்.

வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் காபி டம்ளரைத் தொட வேண்டும். ஈயம் குழந்தைகளுக்கு ரொம்பக் கெடுதல். சமையல் மேடையில் இந்த வேலை வேண்டாம். அந்த வேட்டியையும் மற்ற துணியோடு துவைக்காதீர்கள். பெட்டியில் சேரும் பழைய ஈயத்தை உருக்கி வார்க்கலாமே என்று கிளம்ப வேண்டாம், மூடி போட்ட டப்பாவில் சேர்த்து வையுங்கள்.

ஆடியில் சேர்த்தது: மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். விசிறியை நிறுத்தியும் எண் ஆடுகிறதாம். தராசு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் மேசையில் வைத்திருந்தார். கொல்லையில் கிடந்த பழைய அம்மிக்கல்லைக் கழுவித் தரையில் போட்டு, அதன்மேல் வைக்கச் சொன்னேன். நின்றுவிட்டது. நானும் இப்போது கருங்கல் பலகைமேல்தான் வைக்கிறேன்.

கார்த்திகையில் சேர்த்தது: அடைமழைக் காலத்தில் பெல்லட் வெள்ளையாகப் பூத்துவிட்டது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எனக்கும் நடந்தது. அது ஈயத்தின் துரு, விரலில் மாவுபோல ஒட்டும், ஊதிவிடாதீர்கள். ஈரம் மட்டும் காரணமில்லை. புதுப் பிளைவுட் அலமாரியிலிருந்து வரும் அமில ஆவியும் ஈயத்தைத் தின்கிறது. என்னிடம் பிளைவுட் அலமாரியில் இருந்த டப்பா பூத்தது, இரும்புப் பீரோவில் இருந்தது பளபளவென்று இருக்கிறது. பிரித்தவற்றை இறுக மூடும் தகர டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு இரும்புப் பீரோவில் வையுங்கள். முட்டை அட்டையில் வைத்தே விட்டுவிட வேண்டாம், காகித அட்டை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பூத்த பெல்லட்டைக் கழுவித் தேறவைக்க முயன்றேன். இரண்டு நாள் போனதுதான் மிச்சம், கண்ணாடிமேல் ஒன்றுகூட ஒழுங்காக உருளவில்லை.