சபையில் இ-வேஸ்ட் சேகரிப்பு: தேதி குறிக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் தமிழ் ஆராதனை நடக்கும் சபைகளில் இ-வேஸ்ட், அதாவது தூக்கிப்போடும் மின், மின்னணுப் பொருள்கள், சேகரிக்கும் வாலிபர் ஐக்கியங்களுக்கு உதவி வருகிறேன். பேனர் எங்கே கட்டுவது, மேசை எத்தனை போடுவது என்பதெல்லாம் பிள்ளைகளுக்கே தெரியும். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் மறுபடி மறுபடி செய்யும் வேறு சில தவறுகள் இருக்கின்றன. அதில் ஒன்று இன்றைக்கும் எனக்குக் கோபம் வரவைக்கிறது.

எடுப்பவரைக் கடைசியில் தேடுவது

ஞாயிறு ஆராதனையில் ஐயர் அறிவிப்பு வாசித்துவிடுவார். மக்களும் பரணைக் காலி செய்து கொண்டுவந்து குவிப்பார்கள். அப்புறம்தான் இதையெல்லாம் யார் எடுத்துப்போவது என்ற கேள்வி வரும். பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர்கள் உடனே வரமாட்டார்கள். என்னென்ன பொருள், எவ்வளவு எடை என்று கேட்டு, வண்டி அனுப்ப ஒரு நாள் சொல்வார்கள். ஆனால் மறுநாளே சபை மண்டபத்தில் ஒரு கல்யாணம் இருக்கும்.

அந்த நேரம் பார்த்துப் பழைய இரும்புக்கடைக்காரர் வருவார். கிலோவுக்கு நல்ல விலையும் சொல்வார். சபைக்கு நிதி திரட்டும் அறுப்பின் பண்டிகை நெருங்கும் சமயமாக இருந்தால் கமிட்டியில் யாராவது, "சரி, காசும் வருதே" என்பார்.

ஒரு சபையில் இதைக் கண்ணால் பார்த்தேன். குட்டியானையில் வந்தவர் லேப்டாப், சிபியூ, செல்போன் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டார். பழைய குண்டு டிவிகளை மட்டும் தொடவில்லை. அவை சபை வாசலில் மழையில் நின்றன, கடைசியில் சபைதான் வண்டி வாடகை கொடுத்து அனுப்பியது. அவர் விட்டுப்போனதற்குக் காரணம் உண்டு. காசு இருப்பது சர்க்யூட் போர்டில். பிக்சர் ட்யூபில் இருப்பது ஈயம் கலந்த கண்ணாடி, அதை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை.

அவர் ஏற்றிப்போனவற்றின் கதை இன்னும் மோசம். இப்படிப் போகும் சரக்கில் செம்புக்காக வயரை எரிப்பார்கள். மேலே இருக்கும் பிவிசி பிளாஸ்டிக் எரியும்போது டையாக்சின் என்ற நச்சு வரும். தங்கத்துக்காக போர்டை அமிலத்தில் ஊறவைப்பார்கள், மிச்ச அமிலம் சாக்கடைக்குப் போகும். கையுறைகூட இல்லாமல் அந்த வேலையைச் செய்பவர்கள் ஏழைகள். கர்த்தரின் படைப்பைக் காப்போம் என்று பேனர் கட்டிவிட்டு அந்தப் புகையை இன்னொரு தெருப் பிள்ளைகளுக்கு அனுப்பினால் அது ஊழியமே இல்லை.

ஆகவே முதலில் ஆளை முடிவு செய்யுங்கள், பிறகு தேதி. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருப்பவை 2022-ஆம் ஆண்டின் இ-வேஸ்ட் விதிகள். அவற்றின்கீழ் நமக்கு வேண்டியவர், மறுசுழற்சி செய்பவர் அல்லது பழுதுநீக்கிப் புதுப்பிப்பவர் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்தவர். சிலர் லேமினேட் செய்த சான்றிதழ் ஒன்றை நீட்டுவார்கள். தேதியைப் பாருங்கள். 2016 விதிகளின்கீழ், பொருள்களைப் பிரித்தெடுப்பவர் என்று வாங்கிய பழைய தாளாக இருக்கலாம். புதிய விதிகளில் அப்படியொரு பதிவு வகையே கிடையாது. வருகிறவர் வெறும் வண்டிக்காரர் என்றால், சரக்கு எந்த ஆலைக்குப் போகிறது என்று எழுத்தில் கேளுங்கள். எடை போட்ட ரசீதும் வாங்குங்கள். "குண்டு டிவியையும் எடுப்பீர்களா?" என்பதை முதல் கேள்வியாகக் கேளுங்கள். தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஃபார்மட் செய்தால் போதும் என்று நம்புவது

சாதாரண ஃபார்மட்டில் தகவல் அழிவதில்லை, மீட்டெடுக்க மென்பொருள் இருக்கிறது. சபை அலுவலகத்துப் பழைய கணினியை யோசித்துப் பாருங்கள்: ஞானஸ்நானப் பதிவு, காணிக்கைக் கணக்கு, குடும்பங்களின் முகவரி, எல்லாம் அதில்தான். ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் தனியாக வையுங்கள். மறுசுழற்சிக்காரரிடம் உங்கள் முன்னிலையிலேயே துளைபோட்டு உடைக்கச் சொல்லுங்கள். செல்போன் என்றால் கொண்டுவருபவரே சிம், மெமரி கார்டை எடுத்து, கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, ரீசெட் செய்து தரட்டும்.

ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் கையில் ஸ்க்ரூடிரைவர்

கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மைக்ரோவேவ், குண்டு டிவிக்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

ட்யூப்லைட்டைக் கட்டாகக் கட்டுவது

உடையும். உள்ளே பாதரசம். தனி அட்டைப்பெட்டி போதும்.

உப்பிப்போன செல்போன், லேப்டாப் பேட்டரியை மூட்டையில் போடுவது

அழுத்தம் பட்டாலே தீப்பிடிக்கலாம். உலர்ந்த மணல் நிரப்பிய தகர டப்பாவில், கட்டடத்துக்கு வெளியே நிழலில் வையுங்கள். பேட்டரிக்குத் தனி விதிகள் உண்டு, எல்லா இ-வேஸ்ட்காரரும் எடுக்கமாட்டார்கள். அதையும் தேதி குறிக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.