அகலமான பின் டயர் வண்டி: ஓட்டப் பழகும்போது செய்யும் தவறுகள்

ஏற்காட்டில் இருந்து சேலம் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். புல்லட் இன்ஜினை வைத்து நண்பர் ஒருவர் ஆசை ஆசையாகக் கட்டிய சாப்பர் அது, அதாவது முன்பக்கம் நீட்டி, தாழ்வாகக் கட்டிய வண்டி. பின்னால் 240 மி.மீ. அகல டயர், முன்னால் 21 இஞ்ச் வீலில் ஒல்லியான டயர். ஒரு இடது வளைவு வந்தது. பல வருடப் பழக்கத்தில் ஹேண்டிலை லேசாகத் தட்டிச் சாய்த்தேன். வண்டி சாய்ந்த மாதிரி காட்டிவிட்டு, தானாக நிமிர்ந்து நேராகப் போக ஆரம்பித்தது. என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் ரோட்டின் எதிர்ப்பாதியில் இருந்தேன். அந்த நேரம் மேலே ஏறி பஸ் எதுவும் வரவில்லை. அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வேகம் அன்று அதிகமில்லை. சாதாரண வண்டியைத் திருப்புவது போலவே இதையும் திருப்ப நினைத்ததுதான் தவறு. இந்த மாதிரி வண்டிகளில் புதிதாக ஏறுகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றில் இருந்துதான் கிளைக்கின்றன.

அளவைச் சொன்னால் வித்தியாசம் தெரியும். 2021இல் வந்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350இன் பின் டயர் அகலம் 120 மி.மீ. மீட்டியாரில் 140, சூப்பர் மீட்டியாரில் 150. ஹார்லியின் பிரேக்அவுட், டுகாட்டியின் டியாவெல், டிரையம்பின் ராக்கெட் 3 எல்லாம் 240. கஸ்டம் சாப்பர்களில் 300, அதற்கு மேலும் போடுகிறார்கள். கிளாசிக்கில் இருந்து இறங்கி 240இல் ஏறுகிறவர் ஒரே நாளில் இரண்டு மடங்கு அகலத்துக்குத் தாவுகிறார்.

ஒரு நாணயத்தை உருட்டிவிடுங்கள். சாய்கிற பக்கம் வளைந்து போகும். ஒரு டின்னைப் படுக்கவைத்து உருட்டுங்கள், நேராகத்தான் ஓடும். டயர் அகலமாக ஆக அது நாணயத்தை விட்டு டின் பக்கம் நகர்கிறது. வண்டியைச் சாய்க்கும்போது, டயர் தரையைத் தொடும் இடம் நடுவில் இருந்து வளைவின் உள்பக்கமாக நகரும். ஒல்லி டயரில் இந்த நகர்வு கொஞ்சம், 240இல் அதிகம். அப்படி நகர்ந்த இடத்தில் இருந்து தரை டயரை மேல்நோக்கித் தள்ளுவதால் வண்டி நிமிரப் பார்க்கும். முன் டயர் ஒல்லியாக இருந்தால் முன்னும் பின்னும் வேறு வேறு அளவில் நகரும், அப்போது இழுபறி இன்னும் கூடும்.

தட்டிவிட்டு விட்டுவிடுவது

இடது பக்கம் திரும்ப இடது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். கவுண்டர் ஸ்டீயரிங் என்று சொல்வது இதைத்தான். சாதாரண வண்டியில் ஒரு தள்ளு போதும், சாய்ந்தபின் அது அந்த நிலையிலேயே நிற்கும். அகல டயரில் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். வளைவு முடிகிறவரை உள்பக்கக் கையில் அழுத்தம் குறையக் கூடாது. அழுத்தம் குறைந்தால் வண்டி நிமிர்ந்து வெளியே ஓடும். நம் ஊரில் இடது வளைவில் வெளியே ஓடுவதென்றால் எதிரே வரும் லாரியின் பாதைக்குள் போவது. நான் ஏற்காட்டில் செய்தது இதுதான்.

கையை இறுக்கிப் பிடிப்பது இதோடு சேர்ந்தே வரும் தவறு. வண்டி திரும்ப மறுக்கிறது என்றதும் இரண்டு கையும் தானாக விறைக்கும். அப்போது இடது கை தள்ளுவதை வலது கை தடுத்துக்கொண்டிருக்கும். வெளிப்பக்கக் கையைத் தளர்த்திப் பாருங்கள், பாதி கனம் போய்விடும்.

உடம்பை மரக்கட்டை போல் வைத்துக்கொள்வதும் வேண்டாம். சாப்பரில் கால் முன்னால் நீட்டியிருப்பதால் ஃபுட்ரெஸ்ட்டை மிதித்து எழ முடியாது. அதனால் மேலுடம்புதான் வேலை செய்ய வேண்டும். வளைவு தொடங்கும் முன்பே உள்பக்கத் தோளைக் கொஞ்சம் இறக்கி, முகத்தை வளைவு முடியும் இடத்துக்குத் திருப்புங்கள். உங்கள் எடை உள்ளே வந்த அளவுக்கு வண்டி குறைவாகச் சாய்ந்தால் போதும்.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. 22 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவில் 40 கி.மீ. வேகத்தில் போக, அகலமே இல்லாத கற்பனை டயருக்கே சுமார் 30 டிகிரி சாய்வு வேண்டும். அகல டயருக்கு அதற்கும் மேல். ஆனால் பிரேக்அவுட் மாதிரியான தாழ்ந்த வண்டியில் சுமார் 27 டிகிரியிலேயே அடிப்பாகம் தரையில் உரச ஆரம்பித்துவிடும். அதே வளைவில் 30 கி.மீ. போனால் கற்பனை டயருக்கு 18 டிகிரி போதும். அகல டயருக்காகச் சில டிகிரி கூட்டினாலும் கையில் மிச்சம் இருக்கும். வெறும் 10 கி.மீ. குறைத்ததற்கு இவ்வளவு லாபம். பழைய வண்டியில் 40இல் எடுத்த வளைவு என்று நினைத்து உள்ளே போகாதீர்கள்.

வளைவின் நடுவில் பயந்து ஆக்ஸிலேட்டரைப் பட்டென்று மூடுவது, முன் பிரேக்கைப் பிடிப்பது, இரண்டுமே ஆபத்து. சாய்ந்திருக்கும்போது முன் பிரேக் பிடித்தால் வண்டி நிமிரத்தான் பார்க்கும், ஏற்கெனவே நிமிரத் துடிக்கும் வண்டிக்கு அது இன்னும் தோதாகப் போய்விடும். பிரேக் வேலையை நேர் ரோட்டிலேயே முடித்துவிட்டு, வளைவுக்குள் ஆக்ஸிலேட்டரை ஒரே சீராக வைத்திருங்கள்.

ரோடு மட்டமாக இருக்கும் என்று நம்புவது

நம் ரோடுகள் நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும். ஒல்லி டயர் அதைக் கண்டுகொள்ளாது. அகல டயரில் தரையைத் தொடும் இடம் மேட்டுப் பக்கம் நகர்ந்து, வண்டி எந்நேரமும் இடது ஓரத்துக்குச் சாயப் பார்க்கும். முதல் நாள் ஓட்டுகிறவர்கள் வீல் கோணலாக இருக்கிறது என்று மெக்கானிக்கிடம் போய் நிற்பார்கள். அப்படியும் இருக்கலாம்தான், அதற்கு முன் மட்டமான இடத்தில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

மோசமானது, புதிதாகத் தார் போட்ட ரோட்டின் நீளவாக்கு விளிம்பு. இரண்டு விரல் உயரம் கூட இருக்காது. அதன்மேல் பின் டயரின் ஒரு ஓரம் மட்டும் ஏறும்போது பின்பக்கத்தை யாரோ எட்டி உதைத்தது போல இருக்கும். வேகத்தடையில் சாய்வாக ஏறினாலும் இதே கதைதான்: டயரின் ஒரு பக்கம் முதலில் ஏறி வண்டியை மறுபக்கம் தள்ளும். நேராக, செங்குத்தாக ஏறுங்கள். தார் விளிம்பைத் தாண்ட வேண்டியிருந்தால் வேகத்தைக் குறைத்து, முடிந்த அளவு குறுக்காக வெட்டித் தாண்டுங்கள்.

மழை. அகல டயர் என்றால் பிடிப்பு அதிகம் என்று பலர் நம்புகிறார்கள். தரையைத் தொடும் பரப்பை முக்கியமாகத் தீர்மானிப்பது மேலே உள்ள எடையும் உள்ளே உள்ள காற்றும்தான். அகலம் கூடினால் அந்தத் தடம் அகலமாகவும் குட்டையாகவும் மாறும், பரப்பு இரண்டு மடங்காகிவிடாது. தேங்கிய தண்ணீரிலோ அகலமான தட்டை டயர்தான் சீக்கிரம் மிதக்கும்.

மெதுவாகப் போகும்போது

பெட்ரோல் பங்க்கில் திரும்புவது, யூ டர்ன் அடிப்பது, இங்கேதான் சாப்பர்கள் அதிகம் விழுகின்றன. முன் ஃபோர்க் (முன் வீலைத் தாங்கும் இரட்டைக் குழாய்) நீட்டிப் படுத்திருப்பதால், ஹேண்டிலை ஓரளவு திருப்பியதும் முன் வீல் மீதிப் பாதியைத் தானாகச் சரிந்து முடித்துவிடும். பின் டயர் திரும்ப மாட்டேன் என்கிறது, முன் வீல் அதிகமாகத் திரும்பிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஆள் காலை ஊன்றப் போய், வண்டியின் கனம் தாங்காமல் கணுக்காலை முறித்துக்கொள்கிறார். அரை கிளட்ச்சில் இன்ஜின் இழுத்துக்கொண்டே இருக்கட்டும், பின் பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே திருப்புங்கள். முன் பிரேக் பக்கமே விரல் போகக் கூடாது.

டயரிலேயே செய்யும் தவறுகள்

காற்று குறைந்தால் அகல டயர் வண்டி மாடு மாதிரி அடம் பிடிக்கும். டயர் சூடாவதற்கு முன், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குக் காற்றடியுங்கள். பஞ்சர் கடைக்காரர் எல்லா வண்டிக்கும் அடிக்கும் பொது அளவு இதற்குச் சரிப்படாது.

நெடுஞ்சாலையிலேயே ஓட்டினால் டயரின் நடுப்பகுதி தேய்ந்து சப்பையாகிவிடும். ஒரு ஸ்கேலைக் குறுக்காக வைத்துப் பாருங்கள். நடுவில் பட்டையாக ஒட்டி உட்கார்ந்தால், பட்டன் (டயரின் மேல் உள்ள கட்டைகள்) மிச்சமிருந்தாலும் வளைவுக்கு அந்த டயர் உதவாது. பட்டையில் இருந்து ஓரத்துக்கு மாறும் இடத்தில் வண்டி திடீரென்று விழுவது போல் சாயும்.

பழைய ரிம்மிலேயே அகல டயரை ஏற்றுவதும் நடக்கிறது. குறுகிய ரிம் டயரின் இரண்டு கன்னத்தையும் கிள்ளிப் பிடித்து அதன் வடிவத்தையே மாற்றிவிடும். பின் வீலைப் பிடித்திருக்கும் ஸ்விங்கார்மில் உரசும், செயின் உரசும். செயினுக்கு இடம் விட வீலை ஒரு பக்கம் ஒதுக்கி மாட்டினால் முன் வீலும் பின் வீலும் ஒரே கோட்டில் ஓடாது. கார் டயரைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். கார் சாய்ந்து திரும்பாது, அதன் டயர் சாய்வதற்காகச் செய்யப்பட்டதும் இல்லை. தயவுசெய்து வேண்டாம்.

சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆர்.சி.யில் இருப்பதும் வண்டியில் இருப்பதும் வேறாக இருந்தால், விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கேட்கும்போது சிக்கல் வரலாம். வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

பழகுவதற்கு ஒரு காலி மைதானம், நான்கு தண்ணீர் பாட்டில்கள் போதும். முதலில் 20 கி.மீ. வேகத்தில் பெரிய வட்டம் போடுங்கள், இடது பக்கம் பத்து, வலது பக்கம் பத்து. உள்பக்கக் கையின் அழுத்தத்தை மட்டும் கவனியுங்கள். எப்போது விடுகிறீர்கள், விட்டால் வட்டம் எவ்வளவு பெரிதாகிறது என்று பாருங்கள். பிறகு வட்டத்தைச் சுருக்குங்கள். அதன்பின் பாட்டில்களுக்கு நடுவே வளைந்து போங்கள். புது டயர் என்றால் முதல் 150 கி.மீ. வரை வழுக்கும், அதுவரை வண்டியை அதிகம் சாய்க்க வேண்டாம். டபுள்ஸ் ஏற்றினால் பின்னால் எடை கூடி, வண்டி திரும்புவது இன்னும் மந்தமாகும். தெரிந்த ரோட்டில் தெரிந்த வளைவு ஒன்றை, எதிர்ப்பாதியைத் தொடாமல் பல நாள் தொடர்ந்து எடுக்க முடிகிற வரைக்கும் யாரையும் பின்னால் ஏற்றாதீர்கள்.