ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் முதலில் அதையே மாற்றாதீர்கள்

வயரிங் வேலை பழக வரும் தம்பிமாரிடம் அதே பிழைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நாங்கள் பழகிய காலத்திலும் இதே கதைதான். ஸ்க்ரூவைச் சரியாக இறுக்காதது, வயரை அளவுக்கு மேல் சீவுவது எல்லாம் கை பழகினால் போய்விடும். நான் சொல்லவருவது அப்படித் தானாகப் போகாதவற்றை.

ட்ரிப் சுவிட்ச் பழுது என்று முடிவு கட்டுவது

கொழும்புக்குப் பக்கத்தில், தெஹிவளையில் ஒரு வீடு. ட்ரிப் சுவிட்ச், அதாவது எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் வீடு முழுவதற்கும் வெட்டிவிடும் சுவிட்ச், தூக்கிவிட்டாலும் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. போன தம்பி எல்லா பிரேக்கரையும் இறக்கிவிட்டு ட்ரிப் சுவிட்சைப் போட்டுப் பார்த்தான், அப்போதும் விழுந்தது. "எல்லாம் ஓஃப், இன்னும் விழுகிறது என்றால் சுவிட்ச்தான் போய்விட்டது" என்று புறக்கோட்டையில் புதியது வாங்கி மாட்டினான். அதுவும் விழுந்தது. பிரிட்ஜில் இருக்கும் மீன் கெட்டுப்போகும் என்று வீட்டுக்காரர் அவசரப்படுத்த, ட்ரிப் சுவிட்சைத் தவிர்த்து நேரடியாகக் கரண்ட் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

பிறகு அங்கே ஹீட்டர் மாட்டப் போய் பிரேக்கர்கள் இருக்கும் டிபி பெட்டியைத் திறந்தேன். புது ட்ரிப் சுவிட்ச் இடத்தில் இருந்தது. வயர்கள் இரண்டும் அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போயின. இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது. அந்த வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள்.

தம்பி கவனிக்காதது இதுதான். நம் வீடுகளில் உள்ள சாதாரண பிரேக்கர் கரண்ட் வரும் வயரை, அதாவது லைவை மட்டுமே வெட்டும். கரண்ட் திரும்பும் நியூட்ரல் வயர்கள் எல்லாம் நியூட்ரல் பார் என்ற உலோகப் பட்டையில் அப்படியே இணைந்திருக்கும். எங்கேயாவது நியூட்ரல் எர்த்தில் பட்டிருந்தால், பிரேக்கர்களை இறக்கினாலும் அந்தப் பழுது துண்டிக்கப்படாது. தெரு லைனில் வரும் நியூட்ரலுக்கும் உங்கள் எர்த்துக்கும் இடையே ஓரிரண்டு வோல்ட் இருந்தாலே போதும், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே வெட்டும் ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிடும். அது தன் வேலையைத்தான் செய்கிறது.

சோதிப்பது கஷ்டமில்லை. மெயினை அணைத்து, ட்ரிப் சுவிட்சிலிருந்து வீட்டுக்குள் போகும் வயர்களைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். நின்றால் சுவிட்சைக் குறை சொல்ல வழியில்லை. மறுபடி மெயினை அணைத்து, நியூட்ரல்களை பாரிலிருந்து கழற்றி, ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்துப் பாருங்கள். அந்த வீட்டில் ஒரு அறையின் நியூட்ரல் மட்டும் எர்த்தோடு பட்டிருப்பது தெரிந்தது. திரைச்சீலைக் கம்பிக்கு அடித்த ஸ்க்ரூவைக் கழற்றியபோது அதன் நுனியில் கறுப்பு நியூட்ரல் வயரின் தோல் ஒட்டியிருந்தது. பக்கத்தில் பச்சை எர்த் வயரும் கீறியிருந்தது.

ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் நேரடியாகக் கொடுப்பது ஏன் ஆபத்து என்றால், இங்கே பெரும்பாலான வீடுகளின் எர்த், முற்றத்தில் அடித்த கம்பிதான். அதன் தடை 50 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட்டில் 5 ஆம்பியர்கூட ஓடாது. 20 ஆம்பியர் பிரேக்கர் அசையவே அசையாது. ஹீட்டருக்குள் லைவ் பட்டால் அதன் உடம்பில் கரண்ட் அப்படியே நிற்கும். அந்த நேரத்தில் ஆளைக் காப்பாற்ற ட்ரிப் சுவிட்ச் ஒன்றுதான் இருக்கிறது. 30க்குப் பதில் 100 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் மாட்டுவதும் சரியான வழியல்ல. அது நெருப்புக்குப் பாதுகாப்பு, உயிருக்கு அல்ல.

பெரிய பிரேக்கர் போடுவது

பிரேக்கர் காப்பது வயரை. 1/1.13 லைட் வயருக்கு, அதாவது 1.13 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒற்றைக் கம்பிக்கு, 20 ஆம்பியர் போட்டால் பிரேக்கர் விழும் முன் சுவருக்குள் வயர்தான் எரியும்.

பிளக்கைக் கழற்றாமல் சுவிட்சை மட்டும் அணைப்பது

பழுது தேடும்போது இதுவும் ஏமாற்றும். பிளக் பொயின்ட் சுவிட்சும் பெரும்பாலும் லைவை மட்டுமே வெட்டும். கேத்தல், ரைஸ் குக்கர், பிரிட்ஜ், எல்லாவற்றையும் உருவி எடுங்கள்.

விழ விழத் தூக்கிவிடுவது

வேண்டாம்.

மெயினை அணைத்ததும் பெட்டிக்குள் கை வைப்பது

கரண்ட் பில் மீட்டரிலிருந்து மெயின் சுவிட்சுக்கு வரும் வயரில் அப்போதும் கரண்ட் இருக்கும். எந்த வயரையும் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே தொடுங்கள். இந்த வேலை பழகாதவர்கள் பெட்டியைத் திறக்கவே கூடாது, லைசன்ஸ் உள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள்.

மழை நாளை மறப்பது

வெயிலில் நின்று, மழை பெய்தால் மட்டும் விழுகிறதா? வீட்டுக்குள் தேடாதீர்கள். கேட் லைட், மொட்டைமாடி பொயின்ட், வாட்டர் மோட்டர், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். கடற்கரைப் பக்கம் என்றால் கேட் லைட்டின் ஹோல்டரில் உப்பும் பச்சைக் களிம்பும் ஏறியிருக்கும். துடைத்துவிட்டு மூடாமல் ஹோல்டரையே மாற்றுங்கள், அடுத்த மழைக்கு மறுபடி போக வேண்டியிருக்காது.