காட்டு ஓர்க்கிட்டைத் தனியாகத் தூக்கி வராதீர்கள்

மலையகத்தில் பங்கசு, அதாவது பூஞ்சை, என்றதும் மருந்தடிக்கும் டேங்க்தான் ஞாபகத்துக்கு வரும். 1869இல் வந்த இலைத்துரு கோப்பித் தோட்டங்களையே இல்லாமல் ஆக்கியது. 1946இல் வந்த கொப்புள நோய் இன்றைக்கும் மழை மாதங்களில் தேயிலைக் கொழுந்தைக் கெடுக்கிறது. அதனால் பங்கசு என்றால் அழிக்க வேண்டியது என்றே வளர்ந்துவிட்டோம். அதே எண்ணத்தோடு காட்டு ஓர்க்கிட்டைத் தொடும்போதுதான் பிழை தொடங்குகிறது, ஏனென்றால் அந்தச் செடிக்குச் சோறூட்டி வளர்ப்பதே ஒரு பங்கசு.

முதலில் என் பிழையைச் சொல்கிறேன். பன்னிரண்டு வயதில், எங்கள் லயத்துக்கு மேலே இருந்த காட்டோரத்தில் வனராஜா என்ற தரை ஓர்க்கிட் ஒன்றைக் கண்டேன். கறுத்த வெல்வெட் துணி மாதிரி இலை, அதில் பொன் நூலால் பின்னியது போல நரம்புகள். சருகுக்குள் ஊர்ந்து கிடந்த தண்டை மெதுவாகத்தான் உருவினேன். வேர்களில் ஒட்டியிருந்த மக்கிய இலைகளைப் பீலித் தண்ணீரில் சுத்தமாகக் கழுவி, நல்ல தோட்ட மண் நிரப்பிய பால்மா டின்னில் நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றினேன். இலைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஒரு மாதத்தில் தண்டும் அழுகிவிட்டது.

நான் கழுவி ஊற்றியது என்ன என்று பல வருடங்கள் கழித்து நுணுக்குக்காட்டியில்தான் பார்த்தேன். ஓர்க்கிட் வேரை மெல்லிய சீவலாக வெட்டி, நீலச் சாயமேற்றி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கலத்துக்குள்ளும் பங்கசு இழை இடியப்பம் பிழிந்து வைத்தது போலச் சுருண்டு கிடந்தது. அந்தச் சுருளிலிருந்து செடிக்குச் சத்து போகிறது. பழைய சுருள்களைச் செடியே செரித்துவிடும், பிறகு இழை மறுபடியும் உள்ளே வந்து சுருளும். அதே பங்கசின் மறுமுனை வெளியே சருகுக்குள் பரவி, மக்கும் இலைகளிலிருந்து சத்தைக் கொண்டுவரும். செடியைப் பிடுங்கும்போது அந்த இழைகள் அறுந்துபோகின்றன. மீதி இருக்கிற கொஞ்சத்தையும் நாம் கழுவிவிட்டு, சருகே இல்லாத மண்ணில் நடுகிறோம். ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளில் மஞ்சளாகப் பூக்கும் நாகமரு என்ற ஓர்க்கிட்டையும் வசியத்துக்கென்று கிழங்கோடு தோண்டுகிறார்கள். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத செடி அது. ஹோட்டன் சமவெளி போன்ற தேசிய பூங்காக்களில் செடியைத் தொடுவது குற்றம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

சரி, செடியை விட்டுவிட்டு விதையை எடுத்து வரலாமே என்று கேட்பார்கள். காய்ந்த ஓர்க்கிட் காயை உடைத்தால் திருநீறு மாதிரித் தூள் பறக்கும். அந்தத் தூள்தான் விதை. ஒரு காயில் ஆயிரக்கணக்கில், சில இனங்களில் பத்து லட்சத்துக்கும் மேல் இருக்கும். அவரை விதைக்குள் முளைக்குத் தேவையான சாப்பாடு இருக்கிறது, இதற்குள் அப்படி ஒன்றும் இல்லை. பொருத்தமான பங்கசு உள்ளே நுழைந்து ஊட்டினால்தான் அது வீங்கி ஒரு சின்ன உருண்டையாகும், அப்புறம்தான் இலையும் வேரும். 1899இல் பிரான்சில் நோயல் பெர்னார் இதைக் கண்டுபிடித்தார். 1922இல் அமெரிக்காவில் லூயிஸ் நட்சன், பங்கசுக்குப் பதிலாகச் சீனி கலந்த ஏகார் என்ற கடற்பாசிக் கூழில் விதையை முளைக்க வைத்துக் காட்டினார். கடையில் வாங்கும் கலப்பின ஓர்க்கிட்டுகளில் நிறைய அந்த வழியில் வந்தவைதான். சாடியில் தூவிய விதை வீணாகத்தான் போகும்.

இப்போது வேர்ப்பங்கசு என்று பாக்கெட்டில் தூள் விற்கிறார்கள். அதைப் போட்டால் ஓர்க்கிட் பிழைக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். அவற்றில் பெரும்பாலும் இருப்பது மிளகாய்க்கும் சோளத்துக்கும் உதவுகிற வேறு கூட்டத்துப் பங்கசு. ஓர்க்கிட் வேரோடு அது சேராது.

வீட்டு மரத்தில் தானாக வந்த ஓர்க்கிட்டுக்கு, தேயிலைக்குப் போடும் யூரியாவிலிருந்து ஒரு பிடியோ, மிஞ்சிய பங்கசுக்கொல்லியோ கொடுக்க வேண்டாம். பட்டையில் வாழும் பங்கசைத்தான் அது கெடுக்கும். தொங்கும் வேரின் வெள்ளை நிறத்தைப் பார்த்துப் பூஞ்சணம் என்று சுரண்டுகிறவர்களும் உண்டு. அது வேரின் சொந்தத் தோல். பஞ்சு போல மழைநீரை உறிஞ்சுவதற்காக இருப்பது, நனைந்தால் பச்சையாகத் தெரியும்.

இன்னொன்று, மரத்தில் இருக்கும் ஓர்க்கிட்டைப் புல்லுருவி என்று நினைத்து வெட்டி எறிவது. புல்லுருவி மரத்துக்குள் வேரை இறக்கிச் சாற்றை உறிஞ்சும். ஓர்க்கிட் பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். மரத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை.

தோட்டத்தில் நிழல் மரம் வெட்டும்போது கிளையோடு ஓர்க்கிட் விழுந்தால் என்ன செய்வது? வேரைப் பிய்க்காமல், பாசியும் பட்டையுமாக அந்தக் கிளைத்துண்டையே அறுத்தெடுங்கள். பக்கத்திலேயே சொரசொரப்பான பட்டையுள்ள மரம் ஒன்றில், முன்பு இருந்த அளவு வெளிச்சம் விழும் உயரத்தில், சணலால் இறுக்கிக் கட்டுங்கள். பட்டை உரியும் யூகலிப்டஸ் வேண்டாம். மழை இல்லாத நாட்களில் காலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும். பச்சை நுனியோடு புது வேர் நீண்டு மரத்தைப் பற்றிய பிறகு சணலை அவிழ்த்துவிடலாம்.