காலை வாருவது வேறு, 'புல்லிங் யுவர் லெக்' வேறு: ஆங்கில மரபுத்தொடர்களைக் கற்கும் முறை

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு நாள்தோறும் பேருந்தில் வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் சிலருக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். அவர்களில் ஒரு பெண், தம் மேலாளர் சிரித்துக்கொண்டே 'ஐ வாஸ் ஒன்லி புல்லிங் யுவர் லெக்' என்று சொன்னதை, காலை வாரிவிட்டதாக அவரே ஒப்புக்கொள்கிறார் என்று எண்ணி இரண்டு நாள் கலங்கியிருந்தார். 'விளையாட்டுக்குச் சொன்னேன்' என்பதே அதன் பொருள். நம் வழக்கிலோ காலை வாருவது என்பது நம்பியவரைக் கவிழ்ப்பது.

ஆகவே, தமிழ்த் தொடரைப் போலவே தோன்றும் ஆங்கிலத் தொடர்களை முதலில் தனியே குறித்துவையுங்கள். முற்றிலும் புதிய தொடர் வந்தால் யாரையாவது கேட்டுவிடுவோம். தெரிந்ததுபோல் தோன்றுவதைக் கேட்க மாட்டோம். 'கீப் ஆன் ஐ ஆன் மை பேக்' என்று விடுதியில் ஒரு பயணி சொன்னால், பையைச் சற்றுப் பார்த்துக்கொள்ளும்படி கேட்கிறார். அடுத்தவர் பொருள்மேல் கண் வைப்பது என்று நாம் சொல்வது ஆசைப்படுவதை.

அடுத்து, குறிப்பேட்டில் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதாமல், யார் யாரிடம் எந்தச் சூழலில் சொன்னார் என்பதை எழுதி, அதே இடத்தில் நம் வீட்டில் என்ன சொல்வோம் என்பதை அதன் கீழே எழுத வேண்டும். ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது முழுநிலவை 'ப்ளூ மூன்' என்பார்கள். அது ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வருவதால், 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்பதற்கு 'அத்தி பூத்தாற்போல' என்று எழுதினால் போதும். 'கில் டூ பேர்ட்ஸ் வித் ஒன் ஸ்டோன்' நமக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இன்று அரிதாகவே காதில் விழுந்தாலும் எனக்கு மிகவும் பிடித்தது 'கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்'. இங்கிலாந்தின் பழைய நிலக்கரித் துறைமுகமான நியூகாசிலுக்கே கரி சுமந்து செல்வதை, கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்கிறோம். நெய்வேலி இருக்கும் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

தொடரின் சொற்களை மாற்றாதீர்கள். யாருடைய கால் என்பது மாறலாம், காலமும் மாறலாம்; 'லெக்' மட்டும் 'லெக்ஸ்' ஆகாது.

இடமும் முக்கியம். உடம்பு சற்றுச் சரியில்லை என்பதை உடன் பணிபுரிபவரிடம் 'அண்டர் தி வெதர்' என்று சொல்லலாம். விடுப்பு விண்ணப்பத்தில் 'ஃபீவர்' என்றே எழுதுங்கள்.